பதினாறு சிலிண்டர்களின் பாஸ்போர்ட்டுகள்

நான் வேலை பார்க்கும் காகித ஆலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்துப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். மெக்கானிக்கல் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, ஆடி மாதத்தில் இங்கே பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று முதலாளி கொடுத்த வேலை ஸ்பேனர் பிடிக்கும் வேலை இல்லை. வரலாறு எழுதும் வேலை.

"மெஷினுக்கு ஹிஸ்டரி வேணும்மா. எங்க பொறந்துச்சு, எம்புட்டு வருஷம் ஓடுச்சு, என்னென்ன வைத்தியம் பாத்தாங்க, அம்புட்டும் வேணும். ஆயுத பூஜை முடிஞ்ச மறுவாரம் ஆபீசர் வாரார்."

ஆபீசர் என்றால் நீராவிக் கலன்களைச் சோதிக்கும் அதிகாரி. போன தடவை வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷினுக்கு ஒரு காகிதம்கூட இல்லாமல் எப்படி நீராவி ஏற்றுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். காகிதம் தயாரிக்கும் ஆலையில் காகிதம் இல்லை என்று அவர் சொன்னதை முதலாளி என்னிடம் சிரிக்காமல் சொன்னார். பிறகு யாரோ போனில் கூப்பிட, தெலுங்குக்கு மாறிவிட்டார். பேசிக்கொண்டே பீரோவைத் திறந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

பெட்டியில் இருந்தவற்றை அன்றே பட்டியல் போட்டேன். சாம்பல் நிற அட்டை போட்ட சிறு நோட்டுகள் பதினாறு. கப்பலில் ஏற்றிய சரக்குப் பட்டியல் ஒரு கட்டு. படங்கள் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று. நனைந்து ஒட்டிப்போன வரைபடங்கள், எண்ண முடியவில்லை. எல்லாம் ரஷ்ய மொழியில்.

எங்கள் மெஷின் சோவியத் காலத்தில் வடக்கே எங்கோ ஓர் ஆலையில் ஓடியது. அந்த ஆலை மூடிய பிறகு பிரித்து விற்கப்பட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி, லாரிகளில் இங்கே வந்தது. ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு அவ்வளவுதான். தலைமை ஃபிட்டர் ராஜபாளையத்துக்காரர், அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷினைப் பிரித்த இடத்திலிருந்து வந்த வரைபடங்களைப் பார்த்து இங்கே மாட்டியவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் வரலாறு இன்னும் சுருக்கம்.

"இவ ரஷ்யாக்காரிம்மா. நம்ம வெயிலு ஒத்துக்கிட ரெண்டு வருஷம் ஆச்சு. பொறவு சரியாயிட்டா."

அங்கே அது மரக்கூழில் ஓடிய மெஷின். இங்கே சிவகாசி அச்சகங்களில் வெட்டி ஒதுக்கும் காகித ஓரங்களும், நூற்பாலைகளின் பஞ்சுக் கழிவு கொஞ்சமும்தான் கூழ். காலண்டர் அடிக்கும் மாதங்களில் கூழ் இளஞ்சிவப்பாக இருக்கும். பட்டாசுக்குக் குழாய் சுற்றும் பழுப்புத் தாளும் நோட்டு அட்டைக்கான தாளும் செய்து, பெரும்பகுதியைச் சிவகாசிக்கே திருப்பி அனுப்புகிறோம்.

மெஷினின் பின்பாதியான டிரையர் பகுதிதான் அதிகாரியின் கவலை. ஈரத்தாள் அங்கே பதினாறு இரும்புச் சிலிண்டர்கள் மேல் ஏறி இறங்கிக் காய்கிறது. ஒவ்வொன்றின் குறுக்களவும் என் தோள் உயரம். மேல்வரிசையில் எட்டு, கீழ்வரிசையில் எட்டு. தாள் போகும் வழிப்படி ஒன்று முதல் பதினாறு வரை எண்ணுவோம். உள்ளே நீராவி. ஒவ்வொன்றின் முன்மூடியிலும் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு, இரண்டு திருகில் மாட்டியது. தகட்டில், தொழிற்சாலை அந்தச் சிலிண்டருக்குக் கொடுத்த எண், நாங்கள் எண்ணும் வரிசை எண் அல்ல.

சாம்பல் நோட்டுகள் அந்தச் சிலிண்டர்களுடையவை. அட்டையில் இருந்த பெரிய எழுத்துச் சொல்லைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தபோது 'பாஸ்போர்ட்' என்று வந்தது. தப்பாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு ஆப்பில் போட்டேன். அதுவும் அதையே சொன்னது. அந்த நாட்டில் நீராவி தாங்கும் கலன் ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் உண்டு. வார்த்த தொழிற்சாலை, சுவரின் கனம், அனுமதித்த அழுத்தம், பிறகு பழுதும் சோதனையும் எழுதக் கோடு போட்ட பக்கங்கள். கலன் எங்கே போனாலும் பாஸ்போர்ட் கூடவே போக வேண்டும். எங்கள் சிலிண்டர்கள் கடல் தாண்டி வந்துவிட்டன. எனக்கு அப்போது பாஸ்போர்ட் இல்லை.

அச்செழுத்தை ஆப் படித்துவிடும். கையெழுத்தைப் படிக்காது. அதனால் எழுத்துகளைக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலம்போலத் தோன்றும் எழுத்து பல வேறு ஒலியைத் தரும். காலையில் பஸ்ஸில் அரைமணி நேரம், மதியம் சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம். பத்து நாளில் மெதுவாகப் படிக்க வந்தது. திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். விரிசல், கசிவு, மாற்றப்பட்டது, கிடைக்கவில்லை, ஒத்திருக்கிறது. பழுது நோட்டுக்கு அதிகமான சொற்கள் தேவைப்படவில்லை.

படம் போட்ட மெல்லிய புத்தகம் அந்த ஆலையின் ஏதோ ஓர் ஆண்டு விழாவுக்கு அச்சிட்டது. அதன்படி ஆலை ஒரு பெரிய ஆற்றங்கரையில் இருந்தது. காட்டில் வெட்டிய மரங்களை, பனி உருகியதும் ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். ஆலைக்கென்று பள்ளி, மருத்துவமனை, ரொட்டிக்கூடம், நாடகம் போட ஒரு மண்டபம். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுகளுக்குத் தாள் செய்தார்கள். ஒரு படத்தில் எங்கள் மெஷின். தலையில் துணி கட்டிய பெண்கள் அதன் முன் வரிசையாக நிற்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் துணிப்பதாகையில், திட்டமிட்டதைவிட அதிகம் உற்பத்தி செய்ததாக எழுதியிருக்கிறது.

அதே வருடத்துப் பாஸ்போர்ட் பக்கங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேரிங் கேட்டிருக்கிறோம், வரவில்லை. வேறு அளவுப் பேரிங் வந்தது, கடைந்து மாட்டினோம். நீராவி இணைப்பில் கசிவு, கயிறு சுற்றியிருக்கிறோம். திட்டத்தைவிட அதிகமாக ஓட்டியது உண்மைதான் போலிருக்கிறது. எதை வைத்து ஓட்டினார்கள் என்பது பாஸ்போர்ட்டில் மட்டும் இருந்தது.

பதினாறு நோட்டிலும் வருடாந்திரச் சோதனையை எழுதியது ஒரே கை. சாய்வே இல்லாத, நெருக்கமான எழுத்து. பெயரின் முடிவை வைத்துப் பெண் என்று தெரிந்துகொண்டேன். முதல் சில வருடங்கள் வேறு யாரோ. பிறகு கடைசிவரை அவர். ஒவ்வொரு வருடமும் ஒரே ஐந்து வரிகள். சுவரின் கனம் அளந்தது, நீரழுத்தச் சோதனை, பாதுகாப்பு வால்வு, தகட்டு எண்ணும் இரும்பில் அடித்த எண்ணும் ஒத்திருக்கிறது, கையொப்பம். நான்காவது வரியை முதல் நோட்டில் மொழிபெயர்த்த பிறகு சம்பிரதாயம் என்று குறித்துவிட்டு, மற்ற இடங்களில் விட்டுவிட்டேன்.

சோவியத் நாடு இல்லாமல்போன பிறகு பக்கங்களின் தொனி மாறியது. ஆர்டர் இல்லை, நிறுத்தம். எரிபொருள் இல்லை, நிறுத்தம். நிறுத்தம். அந்தப் பெண் மட்டும் நின்றுபோன சிலிண்டர்களையும் வருடா வருடம் அளந்து, அதே ஐந்து வரிகளை எழுதியிருக்கிறார். பதினாறிலும் கடைசிப் பதிவு ஒன்றுதான்: பிரிக்கப்பட்டது. அதற்குக் கீழே கோடு போட்ட பக்கங்கள் காலியாக இருந்தன. நம் ஊரில் யாரும் எதுவும் எழுதவில்லை.

பன்னிரண்டாவது நோட்டைப் படித்தபோதுதான் ஒரு விரிசல் தெரியவந்தது. முன்மூடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் நிற்காது என்பதால், விரிசலின் மேல் துளையிட்டுத் திருகாணிகளை வரிசையாக இறக்கி, தலைகளைத் தட்டி மழுக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்தச் சிலிண்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அழுத்தம் கூடாது என்று அந்தப் பெண் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நாங்கள் எல்லாவற்றுக்கும் மூன்றரை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

நோட்டின் எண்ணை எழுதிக்கொண்டு மெஷினுக்குப் போனேன். அந்த எண் போட்ட தகடு கீழ்வரிசையில் இருக்கும் ஐந்தாவது சிலிண்டரில் இருந்தது. அதற்கு எதிரேதான் டிரையர் ஆபரேட்டரின் ஸ்டூல்.

அவர் பக்கத்து மம்சாபுரத்துக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. ஆலையில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அண்ணன். தாள் அறுந்தால் நுனியைக் கையில் பிடித்துச் சிலிண்டர் சிலிண்டராக ஏற்றிவிடுவது அவர் வேலை. அறுந்துபோகாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாவது சிலிண்டரின் சட்டத்தில் ஒரு விளிம்பு உண்டு. காலையில் வந்ததும் டிபன் டப்பாவை அதில் வைத்துவிடுவார். மதியம் சோறு சூடாக இருக்கும்.

"அண்ணே, இதுல விரிசல் இருக்குன்னு எழுதியிருக்கு. ஸ்டூலக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்க."

அவர் சிலிண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வெடிக்குமா மேடம்?"

"ப்ரஷரக் குறைச்சுட்டா வெடிக்காது. இருந்தாலும் பக்கத்துல வேண்டாம்."

"இம்புட்டு நாளும் இது மடியிலதான சோறு வச்சிருந்தேன்," என்றார். டப்பாவை எடுத்தார். ஸ்டூலையும் எடுத்தார். அதே மாதிரி விளிம்பு இருக்கும் இன்னொரு இடம் பதினொன்றாவது சிலிண்டர். அங்கே கொண்டுபோய்ப் போட்டார். நான் தலையாட்டினேன்.

ஐந்தாவதின் முன்மூடியில் திருகாணித் தலைகளைத் தேடினேன். தெரியவில்லை. பெயிண்ட் அவ்வளவு கனமாக இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஒரு கோட்டிங். சுரண்டிப் பார்க்கலாமா என்று பாயிடம் கேட்டேன்.

"ஓடுற மெஷின எதுக்கும்மா சொரண்டுதீக. எழுதித்தான வச்சிருக்கான் ரஷ்யாக்காரன். வால்வத் திருகி விட்டுருவோம்."

ஐந்தாவது சிலிண்டருக்குப் போகும் நீராவி வால்வைப் பாதி மூடி, தனியாக ஒரு பிரஷர் கேஜ் பொருத்தி, இரண்டு கிலோவில் நிறுத்தினோம். என் அறிக்கையில் இப்படி எழுதினேன்: பழுதான சிலிண்டர் அடையாளம் காணப்பட்டது, அழுத்தம் குறைக்கப்பட்டது. முதலாளி படித்துவிட்டு நல்லது என்றார். ஆவணி, புரட்டாசி என்று மெஷின் ஓடியது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மெஷினை நிறுத்திக் கழுவுவது வழக்கம். அன்று காலை பத்து மணிக்கு நான் உள்ளே வந்தபோது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் டிரையர் அண்ணனும் காகிதம் பிரிக்கும் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின். அதில் புளிக்கரைசல். புளிக்கரைசலில் பூஜை மணி, குத்துவிளக்கின் பாகங்கள், இரண்டு தாம்பாளம், பிறகு பித்தளைத் தகடுகள்.

"என்னண்ணே இது?"

"தகடு மேடம். வருஷா வருஷம் கழட்டி வெளக்கிருவோம். பித்தளைல்லா. புளி போட்டாத்தான் முகம் தெரியும்."

"எல்லாத் தகடுமா?"

"பதினாறும்."

"திரும்ப மாட்டும்போது எது எங்கன்னு எப்படித் தெரியும்?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. கையிலிருந்த தகட்டைத் திருப்பிக் காட்டினார். "எல்லாத்துக்கும் ரெண்டு ஓட்டதான மேடம். அளவும் ஒண்ணுதான். எதுல வச்சாலும் உக்காந்துரும்."

நான் தகடுகளையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. ஒரு பெண் இன்னொருத்தியிடம், "ஏட்டி, மேடம் மொகத்தப் பாரேன். தகடுல ஏதும் பேய் இருக்கோ என்னமோ," என்றாள்.

"நீ வெளக்குன தகடுல தன் மூஞ்சியப் பாத்துருப்பாவ," என்றாள் மற்றவள்.

நான் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். எண்களின் வரிசை குழம்பியது ஒரு தடவை அல்ல. மெஷின் இங்கே ஓடத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு பூஜைக்கும். ஐந்தாவதில் இருந்த தகடு ஐந்தாவதுடையதாக இருக்க வாய்ப்பு பதினாறில் ஒன்று. மிச்சம் பதினைந்து வாய்ப்புகளில் விரிசல் வேறெங்கோ, மூன்றரை கிலோவில் இருக்கிறது. நீராவி நின்றுவிட்டதால் இப்போதைக்கு ஆபத்து இல்லை. ஆனால் நாளை பூஜை முடிந்தால் மறுநாள் காலை மெஷின் ஓடும். அவர் அதன் முன்னால் உட்காருவார்.

பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து, நான் சம்பிரதாயம் என்று விட்ட வரியைப் படித்தேன். தகட்டு எண்ணும் இரும்பில் அடித்த எண்ணும் ஒத்திருக்கிறது. அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் இரண்டையும் பார்த்திருக்கிறார். இரும்பில் ஓர் எண் இருக்கிறது. வரைபடத்தில் தேடினேன். முன்மூடியின் விளிம்பில், நீராவிக் குழாய் நுழையும் இடத்துக்கு மேலே. எங்கள் சிலிண்டர்களில் அந்த இடம் பெயிண்டுக்கு அடியில்.

பாயைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாந்தாம்மா மாட்டுவேன் வருஷா வருஷம்," என்றார். "அவரு வெளக்கித் தருவாரு, நான் மாட்டுவேன். ஸ்குரு டைட்டா இருக்கான்னு பாப்பேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் லூசா இருந்ததில்ல."

பெயிண்ட் ரிமூவர், இரும்பு பிரஷ், சுரண்டி, டார்ச். ஐந்தாவதிலிருந்து தொடங்கினோம். மேலே பச்சை, அதற்கடியில் சாம்பல், பிறகு நீலம், ஒரு மஞ்சள், மறுபடியும் பச்சை. கடைசியில் இரும்பு. எண் கிடைத்தது. நான் தேடிய எண் அல்ல. மூடி முழுவதையும் சுரண்டினோம். விரிசலும் இல்லை, திருகாணியும் இல்லை. நன்றாக இருந்த சிலிண்டரை இரண்டு மாதமாகப் பாதி மூடி வைத்திருந்திருக்கிறோம்.

அதற்குள் விளக்கிய தகடுகளை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அண்ணன் வந்துவிட்டார். என்ன தேடுகிறோம் என்று பாய் அவரிடம் சொன்னார். விரிசல் மேல் வரிசையாகத் திருகாணி, தலையைத் தட்டியிருக்கும், பெயிண்டுக்கு மேல் லேசாகத் தெரியலாம்.

அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தார்.

"குமிழ் குமிழாவா?"

"ஆமா."

"வரிசையாவா, லேசா வளைஞ்சு?"

"எங்கய்யா பாத்த?"

"பதினொண்ணுல. நான் பொட்டு வைக்கிற எடம்லா அது. மத்ததுலெல்லாம் வழவழன்னு இருக்கும், பொட்டு வழுக்கிக் கோணலாப் போயிரும். அதுல மட்டும் வரிசையாத் தோதா இருக்கும். ஏழு பொட்டு."

பதினொன்றாவது சிலிண்டரின் எதிரே அவர் ஸ்டூல் இருந்தது. விளிம்பில் டப்பா இல்லை, அன்று மெஷின் ஓடாததால் கொண்டுவந்திருக்கவில்லை. நான் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் ஒவ்வொரு குமிழின் நடுவிலும் பழைய குங்குமம் பெயிண்டோடு சேர்ந்து காய்ந்திருந்தது. நீலத்துக்கு அடியிலும் இருந்தது. இரும்பு வந்தபோது ஏழு திருகாணித் தலைகளும், அவற்றின் ஊடே மயிரிழை அளவில் ஒரு கோடும் தெரிந்தன. விளிம்பில் எண். பன்னிரண்டாவது நோட்டின் எண்.

அண்ணன் போய் ஸ்டூலை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அண்ணே இங்க மாறிக்கச் சொன்னேன்," என்றேன். அது சரியில்லை. இங்கே என்று நான் சொல்லவில்லை, அவர் இங்கே போட்டபோது தலையாட்டினேன். ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

"நாந்தான மேடம் தகடக் கழட்டிக் கலந்துபோட்டேன்."

"நான் அன்னைக்கே சொரண்டிப் பாத்துருக்கணும்."

பாய் குனிந்து திருகாணிகளை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நல்ல கதையால்ல இருக்கு. நோயாளி மூணரை கிலோ விருந்து தின்னுக்கிட்டு இருந்துருக்கு. நல்லா இருந்தது பத்தியம் கெடந்துருக்கு."

முதலில் சிரித்தது அண்ணன்தான். ஸ்டூலைக் கீழே வைக்காமல் சிரித்தார்.

விரிசல் நீளவில்லை. பாஸ்போர்ட்டில் வரைந்திருந்த அளவோடு ஒப்பிட்டு மூன்று தடவை அளந்தேன். இங்கே வந்தபின் இத்தனை வருடம், தாங்கக் கூடாத அழுத்தத்தை அந்த ஏழு திருகாணிகளும் தாங்கியிருக்கின்றன. இதைத் தற்செயல் என்று எழுதுவதா, நல்ல வேலைப்பாடு என்று எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதவில்லை. அளவை மட்டும் எழுதினேன்.

மாலைக்குள் மிச்சம் பதினான்கையும் சுரண்டி எண்களைக் கண்டுபிடித்தோம். பதினாறில் தன் சொந்தத் தகட்டோடு இருந்தவை, நான் சேர்ந்த புதிதில் போனில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டபோது, இரண்டுதான். பதினொன்றாவதின் நீராவிக் குழாயைக் கழற்றி, அடைப்புத் தகடு போட்டு மூடினோம். முதலாளி வந்து பார்த்தார். பதினைந்தில் ஓட்டினால் தாள் காயுமா என்று மட்டும் கேட்டார். வேகத்தைக் குறைத்தால் காயும் என்றேன். "அப்போ கொறைங்க," என்றார். தீபாவளிக்குச் சிவகாசிக்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்த நேரம் அது. ஸ்டூலைப் பார்த்தார், பதினொன்றாவதைப் பார்த்தார், போய்விட்டார்.

மறுநாள் பூஜை நடந்தது. பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் வழக்கம்போல. இந்த முறை தகடுகளை நான் நோட்டு நோட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுக்க, பாய் ஒவ்வொன்றையும் ரிவிட் அடித்தார். இனிக் கழற்ற முடியாது. அண்ணனுக்கு அதில் ஒரு வருத்தம்.

"அடுத்த வருஷம் எப்படி வெளக்க?"

"நின்னுக்கிட்டே வெளக்கும்யா," என்றார் பாய். "அவளுக்கும் குளுகுளுன்னு இருக்கும்."

சந்தனம் குங்குமம் வைக்கிறபோது அண்ணன் பதினொன்றாவதின் முன்னால் தயங்கினார். வைக்கலாமா என்று என்னைப் பார்த்தார். வைக்கக் கூடாது என்பதற்குப் பொறியியலில் காரணம் எதுவும் இல்லை. ஏழு திருகாணியிலும் வைத்தார். பெயிண்ட் இல்லாத குளிர்ந்த இரும்பில் நன்றாக ஒட்டியது.

அதிகாரி வருவதற்கு முன் பாஸ்போர்ட்டுகளில் பதிவு எழுத வேண்டியிருந்தது. 'பிரிக்கப்பட்டது' என்பதற்குக் கீழே காலியாகக் கிடந்த கோடுகளில் தமிழில் எழுதினேன். சுவரின் கனம், பாதுகாப்பு வால்வு, எண்கள். பன்னிரண்டாவது நோட்டில் காரணமும் எழுத வேண்டும். எதை எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபோது அண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தான் மாத்துனேன்னு எழுதிருங்க மேடம். பெருசுபடுத்தாம எழுதுங்க."

ஆயுத பூஜைக்குத் துலக்கும்போது தகடுகள் இடம் மாறின என்று எழுதினேன். அடுத்த வரியில், இரும்பில் அடித்த எண்ணைச் சரிபார்க்காமல் பொறியாளர் தவறான சிலிண்டரைக் குறித்தார் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

"ரஷ்யாக்காரவிய இதப் படிப்பாகளா?"

"அவிய படிக்க மாட்டாங்க. அடுத்து வர்ற ஆள் படிக்கும்."

அதிகாரி பார்க்கும்வரை மெஷினை ஓட்டவில்லை. மறுவாரம் ஒரு காலையில் அவர் வந்து, பன்னிரண்டாவது நோட்டை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ரஷ்யப் பதிவுகளுக்கு என் மொழிபெயர்ப்பு, கடைசிக்கு என் கையெழுத்து. ஆயுத பூஜை என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெஷினுக்கு வந்து பதினாறு எண்ணையும் தானே தகட்டில் ஒரு தடவை, இரும்பில் ஒரு தடவை வாசித்தார். நீரழுத்தச் சோதனை மதியம் வரை போனது. பதினைந்துக்கு அனுமதி கொடுத்தார். பதினொன்றாவது அடைத்தே இருக்க வேண்டும், மாற்றுச் சிலிண்டர் வரும்வரை. ஐந்தாவதின் வால்வை முழுதாகத் திறந்துகொள்ளலாம்.

மறுநாள் மெஷின் ஓடத் தொடங்கியது. அண்ணன் ஸ்டூலை டிரையர் பகுதியிலேயே போடவில்லை. தள்ளி, தாள் உருளையாகச் சுற்றும் இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் போட்டிருந்தார். அங்கிருந்து தாள் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு தடவை அறுந்தபோதும் ஓடிவர வேண்டியிருந்தது. டப்பா அவர் காலடியில் தரையில் இருந்தது. மதியம் அதைத் திறந்து, குழம்பு உறைந்திருப்பதைப் பார்த்து, அப்படியே சாப்பிட்டார். மூன்று நாள் இப்படிப் போனது.

நான்காம் நாள் காலை ஐந்தாவதின் முன்னால் கேஜைக் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். கையில் டப்பா.

"இது நல்லதுதான மேடம்?"

"நல்லதுண்ணே. நம்பர் பாத்தாச்சு. கனம் அளந்தாச்சு. ஆபீசர் டெஸ்ட்டும் பண்ணியாச்சு."

"அன்னைக்கும் இப்படித்தான சொன்னீய."

"ஆமா."

அவர் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்க டப்பாவ எங்க வைப்பீய?"

"ஆபீஸ்ல. டேபிள்மேல."

"செத்த நேரம் கொண்டாங்க."

போய் எடுத்து வந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை, சூடுபடுத்த வேண்டிய அவசியமே இல்லாதது. அவர் கையை நீட்டி விளிம்பைக் காட்டினார். ஐந்தாவது சிலிண்டரின் சட்டத்தில் என் டப்பாவை வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு தன் டப்பாவை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலை எடுத்துவரப் போனார்.